ஆறு கிலோமீட்டர் நடையும் ரெண்டு வடையும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த லெட்டர், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல ஒரே சங்கதி தான். தினமும் நடக்கறேன், ஜிம் போறேன், வயல்ல வேலை செய்யறேன், அப்புறமும் ஏன் சுகர் ஏறுது, ஏன் எடை இறங்கல, அப்படின்னு. தருமபுரி பக்கம், கிருஷ்ணகிரி பக்கம் ரெண்டுல இருந்தும் வந்திருக்கு. அதனால மத்த கேள்விங்கள அடுத்த மாசத்துக்கு வெச்சுட்டு இத மட்டும் எடுத்துக்கறேன். பேரு போட வேணாம்னு எல்லாருமே கேட்டதால ஊரு மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 46 வயசு, டவுன்ல ஆபீஸ் வேலை. போன வருஷம் டெஸ்ட் எடுத்தப்ப மூணு மாச சராசரி சுகர் (HbA1c) 6.3 இருந்துச்சு, பார்டர்னு சொன்னாங்க. அன்னிலருந்து எட்டு மாசமா ஒரு நாள் விடாம காலைல கிரவுண்டுல 6 கிலோமீட்டர் நடக்கறேன். 84 கிலோ இருந்தவன் இப்ப 82.5. சுகர் 6.4 ஆயிருக்கு. வீட்டுல சாப்பாட்ட கொறைங்கன்னு சொல்றாங்க. உழைக்கிறவன் எதத் தின்னாலும் செரிக்கும்னு எங்கப்பா சொல்லுவாரு, அவரும் 80 வயசு வரைக்கும் நல்லா தான் இருந்தாரு. நான் இன்னும் ரெண்டு கிலோமீட்டர் சேத்து நடக்கணுமா? (தருமபுரி)

பதில்: சேத்து நடக்க வேணாம் தம்பி. இப்ப நடக்கறதே நல்ல நடை, அந்த அளவ அப்படியே வெச்சுக்கங்க. கோளாறு கால்ல இல்ல, தட்டுல இருக்கு.

நான் கேட்டதுக்கு ஒரு வாரம் சாப்பிட்டத எல்லாம் மறைக்காம எழுதி அனுப்பினீங்க, அதுக்கே உங்களுக்கு பெரிய நன்றி, நிறைய பேரு பாதிய விட்டுருவாங்க. நடந்து முடிச்சதும் கிரவுண்டு வாசல்ல டீ, ரெண்டு உளுந்து வடை. எட்டரைக்கு வீட்டுல அஞ்சு இட்லி, இல்லன்னா பொங்கல். மதியம் சோறு "மூணு தடவ போட்டுக்குவேன்"னு எழுதியிருக்கீங்க. நாலு மணிக்கு டீயோட நிப்பட்டு, அதான் எண்ணெய்ல பொரிச்ச தட்டை. வாரத்துல மூணு ராத்திரி பரோட்டா. காய்னு தேடிப் பாத்தா ஏழு நாள்ல நாலு தடவ தான் இருக்கு, அதுலயும் ரெண்டு தடவ உருளைக்கிழங்கு வறுவல்.

இப்ப கணக்கு போடுவோம். 82 கிலோ ஆளு 6 கிலோமீட்டர் நடந்தா மொத்தமா ஒரு 340 கலோரி செலவாகும். ஆனா அந்த ஒன்னேகால் மணி நேரம் நீங்க சும்மா திண்ணைல உக்காந்திருந்தாலும் மூச்சு விடவும் ரத்தம் ஓடவும் உடம்பு ஒரு 100 செலவு பண்ணியிருக்கும், அப்ப நடையால கூடுதலா செலவானது சுமார் 240 தான். இத மனசுல வெச்சுக்கிட்டு அந்த வடைக்கடைக்கு வாங்க.

அந்த மாதிரி ஒரு கடை பக்கத்துல நான் ஒரு நாள் காலைல நின்னு பாத்திருக்கேன். ஆறரை மணி இருக்கும், பனி இன்னும் விலகல, சட்டியில வடை பொன்னிறமா திரும்புது, நடந்து முடிச்சவங்க ஏழெட்டு பேரு ஷூவோட சுத்தி நிக்கறாங்க. வடைய வாங்கி நியூஸ்பேப்பர் நடுவுல வெச்சு ரெண்டு உள்ளங்கையால அழுத்துறாங்க, பேப்பர்ல எண்ணெய் வட்டமா ஊறி அந்தப் பக்கம் தெரியுது, "பாருங்க எண்ணெய எடுத்துட்டேன்"னு சந்தோஷமா சாப்பிடறாங்க. நானும் ரெண்டு வாங்கிட்டுப் போய் அதே மாதிரி அழுத்திட்டு சமையல் தராசுல வெச்சேன், ஒன்னு 50 கிராமுக்கு மேல இருந்துச்சு. மேல ஒட்டியிருக்கற எண்ணெய் தான் பேப்பருக்குப் போகும், மாவு குடிச்ச எண்ணெய் உள்ள தான் இருக்கும். ரெண்டு வடைக்கு ஒரு 250 கலோரி, ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்ட பால் டீக்கு ஒரு 80. நீங்க ஒன்னேகால் மணி நேரம் வேர்த்து விறுவிறுத்து செலவு பண்ணது பத்து நிமிஷத்துல திரும்பி வந்து, மேல 90 சேந்துருச்சு. இதுல பரோட்டா கணக்கே இன்னும் வரல, மூணு பரோட்டா சால்னாவோடன்னா 900 பக்கம் போகும், அந்த ஒரு ராத்திரிய நடந்தே கழிக்கணும்னா 20 கிலோமீட்டருக்கு மேல நடக்கணும், யாரால முடியும் சொல்லுங்க.

ஒரு கிலோ கொழுப்பு கரையணும்னா சுமார் 7,700 கலோரி கொறையணும். சாப்பாடு கூடாம இருந்திருந்தா உங்க நடைக்கு மாசம் ஒரு கிலோ பக்கம், எட்டு மாசத்துல ஏழு கிலோ இறங்கியிருக்கணும். ஒன்றரை தான் இறங்குச்சு. மிச்சம் எங்க போச்சுன்னா, கொஞ்சம் வடையில, கொஞ்சம் "நான் தான் நடக்கறேனே"னு மதியம் கூட போட்டுக்கிட்ட அந்த மூணாவது தடவ சோத்துல, இன்னும் கொஞ்சத்த உங்க உடம்பே புடிச்சு வெச்சுக்குச்சு. இந்த கடைசி விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. தான்சானியா நாட்டுல ஹட்சான்னு ஒரு சமூகம், இன்னிக்கும் காட்டுல வேட்டையாடி, கிழங்கு தோண்டி, தேன் எடுத்து வாழறவங்க, தினமும் கிலோமீட்டர் கணக்குல நடப்பாங்க. ஹெர்மன் பான்ட்சர்னு ஒரு ஆராய்ச்சியாளர் தன் குழுவோட அங்க போய் அவங்க ஒரு நாளைக்கு எத்தன கலோரி செலவு பண்றாங்கன்னு அளந்து 2012ல வெளியிட்டாரு, உடம்பு சைஸ சரிபண்ணி பாத்தா, அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் உக்காந்து வேலை பாக்கறவங்க செலவுக்கும் இவங்க செலவுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. உழைப்பு கூடக் கூட உடம்பு வேற பக்கம் செலவ சுருக்கிக்குது. நீங்களும் கவனிச்சுப் பாருங்க, காலைல நடந்த அன்னிக்கு மத்த நேரம் "அதான் நடந்தாச்சே"னு லிஃப்ட்ல போவீங்க, பக்கத்துக் கடைக்கும் வண்டிய எடுப்பீங்க, ஞாயித்துக்கிழமை மதியம் அசந்து தூங்குவீங்க.

அப்பாவப் பத்தி சொன்னீங்க. எங்கப்பாவும் அதையே தான் சொல்லுவாரு, பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலம் எங்களுக்கு. காலைல கூழு, மதியம் களி, அரிசிச் சோறு நோம்பி நாள்ல தான். ஏர் ஓட்டி, விறகு வெட்டி, சந்தைக்கு நடந்தே போய் நடந்தே வந்த உடம்பு அது. வடை வேணும்னா வீட்டுல உளுந்து ஆட்டணும், அது வருஷத்துல நாலு நாள். அப்ப அவங்க உழைப்பு மட்டும் அவங்களக் காப்பாத்தல, தட்டும் சேந்து தான் காப்பாத்துச்சு. நாம அவங்க உழைப்ப விட்டுட்டு, அதுல ஒரு மணி நேரத்த மட்டும் கிரவுண்டுல திருப்பி எடுத்துக்கிட்டு, அவங்க கண்ணால கூட பாக்காத சாப்பாட்ட தினமும் சாப்பிடறோம்.

இத நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. எங்கண்ணன் வாலிபால் பிளேயர். நாப்பது தாண்டியும் தினமும் அஞ்சு கிலோமீட்டர் ஓடுவாரு, வயிறு கூட கிடையாது. ராத்திரி ஆனா நண்பர்களோட பரோட்டா, சில்லி சிக்கன், அது தினப்படி. 44 வயசுல ஒரு நாள் பைக்ல வரும்போதே நெஞ்ச புடிச்சுக்கிட்டு ரோட்டோரமா உக்காந்துட்டாரு. ரெண்டு ஸ்டென்ட் வெச்சாங்க. ஐசியூவுல என் கையப் புடிச்சுக்கிட்டு "நான் தான் தினமும் ஓடறேனே பாப்பா, எனக்கு எப்படி?"னு கேட்டாரு, நான் இந்த சாப்பாடு, சத்து பத்தின படிப்பு படிச்சு பத்து வருஷம் ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருந்தவ, அண்ணன் தான் ஓடறாரேன்னு அவர மட்டும் ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன். ஓட்டம் அவரு இதயத்துக்கு பலம் கொடுத்துச்சு, அதனால தான் பொழச்சாருன்னு டாக்டரே சொன்னாரு, ஆனா ரத்தக்குழாயில படிஞ்சத ஓட்டத்தால துடைக்க முடியல. இப்ப நல்லா இருக்காரு. அந்த கேள்வி தான் எனக்கு இன்னும் மறக்கல.

சரி, இனி என்ன பண்ணலாம். 6.3க்கும் 6.4க்கும் நடுவுல பெரிய வித்தியாசம் இல்ல, லேப்ல அந்த அளவு முன்ன பின்ன வரும், அதுக்கு பயப்படாதீங்க. ஆனா எட்டு மாசம் நடந்தும் இறங்கல, 6.5 தொட்டா சர்க்கரை நோய்னே எழுதிருவாங்க, அதனால நாளைக்குன்னு தள்ளாதீங்க. மொத வேலை, கிரவுண்டுல இருந்து நேரா வீட்டுக்கு வாங்க, வடைக்கடை பக்கமே திரும்ப வேணாம், பசிச்சா ஒரு கைப்பிடி அவிச்ச கடலையோ சுண்டலோ வீட்டுல ரெடியா இருக்கட்டும். மதியம் தட்டுல மொதல்ல பொரியலையும் கீரையையும் பாதித் தட்டுக்கு வெச்சுட்டு மீதி இடத்துல பருப்பு, சோறு, மூணு தடவ போட்டது ஒரு தடவ ஆகணும். பரோட்டா வாரம் மூணுல இருந்து மாசம் ரெண்டு. நடைய மட்டும் கொஞ்சம் பிரிச்சுக்கங்க, காலைல 4 கிலோமீட்டர், மதியமும் ராத்திரியும் சாப்பிட்டு முடிச்சு 10, 15 நிமிஷம், சாப்பிட்ட சுகர் ரத்தத்துல ஏறுற நேரத்துல தொடை சதை அத இழுத்துக்கும், அந்த வேலைய சாப்பாட்டால செய்ய முடியாது, நடை மட்டும் தான் செய்யும்.

நம்பிக்கையா இருங்க. உங்கள மாதிரி பார்டர்ல இருந்த 531 பேர வெச்சு டாக்டர் ராமச்சந்திரன் குழு நம்ம சென்னையில மூணு வருஷம் பாத்து 2006ல வெளியிட்டாங்க, சாப்பாடும் நடையும் ரெண்டையும் சேத்து மாத்தினவங்களுக்கு சர்க்கரை நோயா மாறுற வாய்ப்பு 28.5 சதவீதம் கொறைஞ்சுது, மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு கெடைச்ச பலனும் கிட்டத்தட்ட அதே அளவு தான். ரெண்டையும் சேத்துன்றத மட்டும் மறந்துராதீங்க. மூணு மாசம் கழிச்சு டெஸ்ட் எடுத்து எனக்கு எழுதுங்க, காத்திருப்பேன்.

கேள்வி: நான் காலேஜ் ஸ்டூடண்ட், 20 வயசு, 58 கிலோ, 171 செ.மீ. டெய்லி சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் ஜிம். முடிச்சுட்டு சிக்கன் ரைஸ், ஒரு கூல்டிரிங்க்ஸ். அம்மா திட்டறாங்க. ஒல்லியா இருக்கேன், ஒர்க்அவுட்டும் பண்றேன், எனக்கெதுக்கு டயட்? அப்பாவுக்கு சுகர் இருக்கு. (கிருஷ்ணகிரி)

பதில்: தம்பி, கடைசியா ஒரு வரி எழுதினியே, அதுக்காகத் தான் உனக்கு பதில் எழுதறேன்.

ஒல்லியா இருக்கறது வேற, உள்ள கொழுப்பு இல்லாம இருக்கறது வேற. புனேவுல யாஜ்னிக்னு ஒரு டாக்டர், லண்டன்ல யுட்கின்னு ஒரு டாக்டர், ரெண்டு பேரும் நண்பர்கள், உயரத்துக்கு ஏத்த எடைன்னு (பிஎம்ஐ) பாத்தா ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் 22.3. ஆனா உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு அளந்தா லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்ம ஊர்க்காரருக்கு 21.2. ரெண்டு பேரு போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல போட்டு 2004ல லான்செட் மருத்துவ இதழ்ல எழுதினாங்க. நம்ம ஆளுங்க பாக்க ஒல்லி, உள்ள வயித்தச் சுத்தி கொழுப்பு, அப்பாவுக்கும் சுகர்னா உனக்கு ஜாக்கிரதை ரெண்டு மடங்கு வேணும்.

உன் கூல்டிரிங்க்ஸ், 250 மில்லியில கிட்டத்தட்ட 26 கிராம் சக்கரை இருக்கும், ஒரு நாள் முழுக்க சேத்து 25 கிராமுக்கு மேல வேணாம்னு நம்ம இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) சொல்லுது. அந்த ஒரு பாட்டில்லயே அன்னிக்கு கோட்டா முடிஞ்சுது. ஒர்க்அவுட் எல்லாத்தையும் எரிச்சுரும்னு நெனைக்காத, பிரிட்டன்ல மூணரை லட்சம் பேர் பக்கம் பத்து வருஷத்துக்கு மேல பாத்து 2022ல வந்த ஆய்வுல, நல்லா எக்சர்சைஸ் பண்ணி மோசமா சாப்பிட்டவங்கள எக்சர்சைஸ் முழுசா காப்பாத்தல, ரெண்டையும் ஒழுங்கா வெச்சிருந்தவங்களுக்குத் தான் ஆபத்து ரொம்ப கொறைஞ்சுது.

அப்புறம் நீ சதை வளரணும்னு தான ஜிம் போற, அதுக்கு இரும்பு தூக்கினா மட்டும் பத்தாது, கட்டறதுக்கு செங்கல் வேணும்ல. சிக்கன் ரைஸ்ல ரைஸும் எண்ணெயும் தான் நிறைய, சிக்கன் அஞ்சாறு துண்டு. அதே காசுக்கு மூணு முட்டை, ஒரு கிண்ணம் அவிச்ச கொள்ளு, வேர்க்கடலை ஒரு கை. முட்டை ஒன்னுல 6 கிராம் புரோட்டீன், கொள்ளு நம்ம மண்ணுல வெளையறது, வேக வைக்காத கொள்ளு நூறு கிராமுக்கு 20 கிராமுக்கு மேல புரோட்டீன். டப்பா பவுடர் வாங்க அம்மாகிட்ட காசு கேக்கறதுக்கு முன்னாடி இத மூணு மாசம் சாப்பிட்டுப் பாரு. அம்மா திட்டறது அப்பாவுக்கு ஊசி போடறத தினமும் பாக்கறதால தான், அவங்ககிட்ட கோவப்படாத.

கேள்வி: அக்கா, எனக்கு 38 வயசு, பர்கூர் பக்கம் ஒரு கம்பெனில வேலை, எட்டு மணி நேரம் நின்னுக்கிட்டே. காலைல நாலரைக்கு எழுந்தா ராத்திரி பத்தரை வரைக்கும் வேலை தான், இதுக்கு மேல என்ன எக்சர்சைஸ். ஆனா எடை 71, வயிறு மட்டும் முன்னால, மாடி ஏறினா மூச்சு வாங்குது, எப்பவும் அசதி. (போச்சம்பள்ளி)

பதில்: தங்கச்சி, உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். உங்கள நட, ஓடுன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க ஏற்கனவே ஓடிக்கிட்டு தான் இருக்கீங்க.

காலைல என்ன சாப்பிடறீங்கன்னு எழுதவே இல்ல, அப்ப சாப்பிடறதில்லன்னு தான் அர்த்தம். புள்ளைங்களுக்கு டிபன் கட்டி, வீட்டுக்காரருக்கு கட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஒரு டீ பன்னோட கெளம்பியிருப்பீங்க. மதியம் டிபன் பாக்ஸ் நெறைய சோறு, கொழம்பு, ஒரு ஊறுகாய். ராத்திரி புள்ளைங்க தட்டுல மிச்சம் வெச்சது வீணாப் போகக்கூடாதுன்னு அதையும் சேத்து. நம்ம வீட்டுப் பொம்பளைங்க எல்லாரும் இப்படித்தான் சாப்பிடறோம், எங்கம்மாவும் கடைசி வரைக்கும் இப்படித்தான் சாப்பிட்டாங்க. வயிறு நெறையுது, ஆனா சத்து சேரல, எடையும் ஏறுது ரத்தமும் இல்லன்ற நெலமை இதுலருந்து தான் வருது.

மூச்சு வாங்கறதும் அசதியும் எனக்கு ரத்தசோகை மாதிரி தான் தெரியுது. இந்த வாரமே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாருங்க, 12க்கு கீழ இருந்தா டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை தருவாங்க, அதுக்கு காசு வாங்க மாட்டாங்க. தைராய்டும் ஒரு தடவ பாத்துருங்க. தமிழ்நாட்டுல பொம்பளைங்கள்ல பாதி பேருக்கு மேல ரத்தசோகைன்னு அரசாங்க கணக்கெடுப்பே சொல்லுது. சாப்பிட்ட கையோட டீ குடிக்கிற பழக்கம் இருந்தா அத ஒரு மணி நேரம் தள்ளி வெயுங்க, டீ இரும்புச்சத்த உடம்புல சேர விடாது. முருங்கைக்கீரை, கொள்ளு, கடலை இதெல்லாம் சாப்பிடறப்ப ஒரு எலுமிச்சம் மூடி புழிஞ்சுக்கங்க, இல்ல ஒரு நெல்லிக்கா கடிச்சுக்கங்க, அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த மண்ணு நம்மளது, சீசன்ல சந்தைல சல்லிசா கெடைக்குது, வாங்கி உப்புத் தண்ணில போட்டு வெச்சுக்கலாம்.

எண்ணெய்க்கு ஒரு வழி சொல்றேன், நானே பண்றது தான். பாக்கெட்ட பிரிக்கிற அன்னிக்கு அதுமேல தேதி எழுதிருங்க. நாலு பேரு வீட்டுல மாசம் 5 லிட்டர் ஆகுதுன்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு 38 கிராம், இருக்க வேண்டியது 27 கிராம் பக்கம். அந்த அதிகப்படி 11 கிராமே தினமும் 100 கலோரி, கண்ணுக்குத் தெரியாம உள்ள போயிட்டிருக்கு. மாசம் மூணரை லிட்டர்ல முடிக்கப் பாருங்க. காலைல ரெண்டு இட்லியாவது, ஒரு முட்டையாவது சாப்பிடாம பஸ் ஏறாதீங்க. அந்த அஞ்சு நிமிஷம் உங்களுக்குன்னு எடுத்துக்க உங்களுக்கு உரிமை இருக்கு, வீட்டுல யாராவது ஒருத்தர் டிபன் பாக்ஸ கட்டிக்கட்டும்.

கேள்வி: 58 வயசு, விவசாயம். ரேஷன்ல ராகி கொடுக்க ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுல மறுபடியும் களி தான். மக்களைத் தேடி மருத்துவத்துல வந்த பொண்ணு பாத்தப்ப சாப்பாட்டுக்கு முன்னாடி சுகர் 168ன்னாங்க. களி சாப்பிட்டா சுகர் வராதுன்னு தான சொன்னாங்க, நானும் தினம் காட்டுக்குப் போறேன். எப்படிம்மா வரும்? (அரூர்)

பதில்: ஐயா, மொதல்ல அந்தப் பொண்ணுக்கு ஒரு நன்றி சொல்லுங்க, வீட்டுக்கே வந்து பாத்ததால தான தெரிஞ்சுது. அந்தத் திட்டமே 2021ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தான் தொடங்கினாங்க. 168ன்றது சர்க்கரை நோய் அளவு தான், ஆஸ்பத்திரில போய் இன்னொரு தடவ உறுதி பண்ணிக்கிட்டு மாத்திரை கொடுத்தா ஒழுங்கா சாப்பிடுங்க.

ராகி நல்லதுன்றதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. 100 கிராம்ல 350 மில்லிகிராம் பக்கம் சுண்ணாம்புச்சத்து, அரிசியில பத்து கூட தேறாது. 2023ல நீலகிரியிலயும் நம்ம தருமபுரியிலயும் தான் மொதல்ல ரேஷன்ல அரிசிக்கு பதிலா 2 கிலோ ராகி கொடுத்தாங்க, அன்னிக்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனா அது சுகர் மருந்து இல்லீங்க ஐயா. மாவுச்சத்துன்னு பாத்தா அரிசிக்கும் ராகிக்கும் கொஞ்சம் தான் வித்தியாசம், நூறு கிராம் அரிசி 350 கலோரின்னா ராகி 320.

அப்ப நம்ம பாட்டன் பூட்டனுக்கு ஏன் வரல? எங்க பாட்டி ராகிய வீட்டுக் கல்லுல அரைக்கும், கரகரன்னு தவிட்டோட விழும், நொய் போட்டு கொதிக்க விட்டு துடுப்பால கிண்டினா அந்தக் களி கைக்கு ஒட்டாம திண்ணுனு உருண்டு நிக்கும், வயித்துலயும் மெதுவாத்தான் கரையும். இப்ப மில்லுல மைதா மாதிரி அரைச்சு வாங்கி, அதையும் சல்லடைல சலிச்சு நார எல்லாம் கீழ கொட்டிட்டு கிண்டறோம், சீக்கிரம் செரிச்சு சீக்கிரம் ரத்தத்துல ஏறிடுது. கூழா கரைச்சுக் குடிச்சா இன்னும் வேகம். உருண்டை சைஸ் மட்டும் பாட்டன் காலத்து சைஸ், தொட்டுக்க ஒரு காரக்கொழம்பு. பாட்டன் கீரை கடைசல், கொள்ளு கடைசல், அவரை சீசன்னா பிதுக்கம்பருப்பு கொழம்புன்னு ஊத்தி சாப்பிட்டாரு.

காட்டு வேலையும் பழைய வேலை இல்லீங்க. கோவிச்சுக்காதீங்க, நானும் அந்த குடும்பம் தான். டிராக்டர் ஓட்டுது, சொட்டு நீர் பாயுது, மோட்டார் கூட போன்லயே ஆன் பண்றோம், காட்டுக்குப் போறதும் வண்டில தான். உழைப்பு பாதியா கொறைஞ்சுது, உருண்டை கொறையல. அதனால களிய விட வேணாம், மாவ சலிக்காதீங்க, உருண்டைய பாதியாக்குங்க, அந்த எடத்துல கீரையும் கொள்ளும் பருப்பும் ரெண்டு கரண்டி கூட வரட்டும். ராத்திரி களிய ஏழரைக்குள்ள முடிச்சுட்டு தெருவுல ஒரு நடை நடந்துட்டு வந்து படுங்க.

கேள்வி: எங்களுக்கு மாந்தோப்பு இருக்கு. சீசன்ல ஒரு நாளைக்கு நாலஞ்சு பழம் சாப்பிடறேன், கூட ரெண்டு ரவுண்டு நடந்தா சரியாயிடுமா? சுகர் இல்ல. (காவேரிப்பட்டணம்)

பதில்: சரியாகாது. பெரிய மல்கோவா ஒன்னுல சதைப்பத்து 300 கிராம் இருக்கும், அதுல 40 கிராமுக்கு மேல சக்கரை, 200 கலோரி பக்கம். அஞ்சு பழம்னா ஒரு நாள் சாப்பாட்டுல பாதி. அதுக்காக மாம்பழத்த விட்டுருங்கன்னு நம்ம ஊர்ல நின்னுக்கிட்டு நான் சொல்லுவேனா, ஒரு பழம் சாப்பிடுங்க, சோத்துக்கு மேல சாப்பிடாம நாலு மணிக்கு அந்த டீ பிஸ்கட்டுக்கு பதிலா சாப்பிடுங்க, ஜூஸா அடிக்காம கடிச்சு சாப்பிடுங்க. மீதிய அக்கம்பக்கம் கொடுங்க.

கேள்வி: நான் நடக்கறதே இல்ல. சாப்பாட்ட மட்டும் கொறைச்சு அஞ்சு மாசத்துல 9 கிலோ இறங்கிட்டேன். அப்ப எக்சர்சைஸ் தேவையில்லன்னு தான அர்த்தம்? வயசு 51, ஐடி கம்பெனி. (ஓசூர்)

பதில்: இந்தப் பக்கமும் தப்பு இருக்குங்க சார். 9 கிலோ இறக்கினது பெரிய விஷயம், மனசார பாராட்டறேன், எடைய இறக்கறது தட்டு தான்னு நீங்களே காட்டிட்டீங்க. ஆனா உடம்ப அசைக்காம சாப்பாட்ட மட்டும் கொறைச்சா இறங்கின எடையில நாலுல ஒரு பங்கு வரைக்கும் சதையா இருக்கலாம், கொழுப்பு மட்டும் போகாது. அம்பது தாண்டின வயசுல போன சதைய திரும்ப சேக்கறது கஷ்டம், அது கொறைய கொறைய முட்டி தாங்காது, சுகர இழுத்துக்க எடம் கொறையும், இறங்கின எடையும் திரும்ப ஏறும்.

வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அது ஒரு நாளைக்கு 25 நிமிஷம் கூட வரல. அதோட வாரத்துல ரெண்டு நாள் சதைக்கு வேலை, நாற்காலில கைய ஊனாம உக்காந்து எழறது பத்து தடவ, செவுத்துல கைய வெச்சு தள்ளறது பத்து தடவ, மூணாவது மாடிக்கு படியில. கொறைச்ச சாப்பாட்டுல புரோட்டீன மட்டும் கொறைக்காதீங்க, தினமும் முட்டையோ பருப்போ சுண்டலோ ரெண்டு வேளை இருக்கணும்.

இன்னிக்கு ராத்திரி எடை மெஷின தள்ளி வெச்சுட்டு தரையில சம்மணம் போட்டு உக்காந்து, கைய எங்கயும் ஊனாம எழுந்து பாருங்க. பக்கத்துல யாரையாவது நிக்க வெச்சுக்கங்க. எழுந்திருக்க முடிஞ்சுதா, எவ்வளவு சிரமப்பட்டீங்கன்னு எனக்கு எழுதுங்க, அதப் பாத்துட்டு எந்த எக்சர்சைஸ்ல ஆரம்பிக்கலாம்னு அடுத்த மாசம் சொல்றேன்.